காய்ந்த பொட்டும் பினாங்கு ஈரமும்

முதல் அட்டை காயவே இல்லை.

காலை பதினொன்றுக்கு என் விரலைக் குத்தி, ரத்தம் காயவைக்கும் காகித அட்டையிலிருந்த ஐந்து வட்டங்களையும் ரத்தத்தால் நிரப்பி, மேசையில் படுக்கப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனேன். மூன்று, நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றுதான் எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. மாலை ஐந்துக்கு வந்து பார்த்தால் ஓரமெல்லாம் பழுப்பேறி, நடு மட்டும் கருஞ்சிவப்பாய் மினுங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் மாதம், பினாங்கின் கெலுகோரில் மூன்று நாளாய் விடாத மழை. ஐந்தரைக்குக் கட்டடத்து ஏர்கோன் தானாக நின்றுவிடும். மறுநாள் காலை ஈரப்பதமானி 84 காட்டியது. பொட்டு மேலே தோல் கட்டியிருந்தது. திருப்பி விரல் வைத்தால் கையுறையில் ஒட்டியது.

"அந்தக் குறிப்ப எழுதினவன் குளிர் நாட்டுக்காரனா இருப்பான்லா. இங்க துவைச்ச துணியே ரெண்டு நாளாகுது," என்றார் எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன். அவர் சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிட்டேன். பிறகு மூன்று மாதம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியேதான் அலைந்தேன்.

காய்ந்த ரத்தத்தில் கொழுப்பை அளக்கும் இந்த வேலையில் இறங்கியதற்கு அம்மாதான் காரணம். சுங்கை பாக்காப்பில் இருக்கிறார், கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, காலையில் பசியாறாமல் பஸ் பிடித்துப் போய், நம்பர் வாங்கி உட்கார்ந்திருப்பார். வீடு திரும்பும்போது கை நடுங்கும். போன தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டே, "விரல்ல ஒரு குத்து குத்திக் காகிதத்துல ஒத்தி ஒனக்கு அனுப்பினா ஆகாதாம்மா? நீ லேப்புலதானே வேல செய்யிற?" என்று கேட்டார். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 100க்கு 38 பேருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது. அம்மாவைப் போல் எத்தனை பேர் பசியோடு பஸ்ஸில் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேலிடத்தில் கேட்டதற்கு, "முறை உருவாக்கும் வரைக்கும் சொந்த ரத்தம் மட்டும், வேறு யாருடையது என்றாலும் அனுமதிப் படிவம்" என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

காகிதத்தில் ரத்தம் சேகரிப்பது புதுசு இல்லை. ராபர்ட் குத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் பச்சிளங்குழந்தைகளின் குதிகாலிலிருந்து எடுத்த சொட்டைக் காகிதத்தில் காயவைத்து ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார். அதனால் இன்றும் இதைக் குத்ரி அட்டை என்கிறார்கள். நான் பயன்படுத்துவது 903 என்ற எண்ணுள்ள பருத்திக் காகிதம். அரை அங்குல வட்டங்கள் ஐந்து. காய்ந்த பிறகு 3.2 மில்லிமீட்டர் துளைப்பானால் ஒரு வில்லை வெட்டினால் அதில் சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம் இருக்கும். 6 மில்லிமீட்டர் வில்லையில் சுமார் 11. கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5 மில்லிமோல் உள்ள ஒருவரின் ரத்தத்தில் அந்தப் பெரிய வில்லைக்கு 20 மைக்ரோகிராம் அளவு கிடைக்கும். கருவிக்கு அது போதும். வழியில் சிந்தாமல் இருந்தால்.

முதலில் காயவைக்கும் பெட்டி செய்தேன். ஐந்து வெள்ளிக் கடையில் வாங்கிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி, அரைக் கிலோ ஆரஞ்சு சிலிக்கா ஜெல். அட்டை எதன் மேலும் படக்கூடாது, அடியிலும் காற்று போகவேண்டும். அதற்குச் சத்தே குச்சிகளை இரண்டிரண்டாகக் குறுக்கே ஒட்டி, அட்டையின் இரண்டு ஓரம் மட்டும் அதில் உட்காருகிற மாதிரி செய்தேன். (புதுக் குச்சிதான். அண்ணன் மோந்து பார்த்துவிட்டு, கச்சான் சாறு எங்கே என்றார்.) விசிறியை அட்டைக்கு நேராக வைத்தபோது பொட்டு ஒரு பக்கமாகக் காய்ந்து நிறம் ஒதுங்கியது. ஜெல் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்பியதும் சரியானது. பெட்டிக்குள் ஈரப்பதம் ஒரு மணி நேரத்தில் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பொட்டு மூன்று மணி நேரத்தில் முழுக்கப் பழுப்பாகிவிடும். ஜெல் பச்சையானதும் 120 டிகிரி அடுப்பில் போட்டு எடுத்தால் மறுபடி ஆரஞ்சு.

இடையில் பொறுமை இல்லாமல் முடி காயவைக்கும் கருவியை ஒருநாள் பிடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் காய்ந்தது. நடுவில் வெட்டிய வில்லையும் ஓரத்தில் வெட்டிய வில்லையும் இரண்டு வேறு ஆட்களின் ரத்தம் மாதிரி எண் கொடுத்தன. அதோடு அந்த யோசனையைக் கைகழுவினேன். வெயிலில் வைப்பதும் அதே கதைதான். கூடவே கொழுப்பும் கெட்டுப்போகும்.

காய்ந்த அட்டைகளை வைத்துக் கொலஸ்ட்ரால் அளக்கப் போனேன். எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கும் அதே நொதி முறைதான்: எஸ்டரேஸ், ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் மூன்றும் சேர்ந்து கடைசியில் இளஞ்சிவப்பு நிறம் தரும், 500 நானோமீட்டரில் படிக்கவேண்டும். வில்லையைத் தாங்கற்கரைசலில் ஊறப்போட்டேன். ஊறியது கொலஸ்ட்ரால் இல்லை, ஹீமோகுளோபின். கரைசலே சிவப்பாக இருக்கும்போது அதில் இளஞ்சிவப்பு எவ்வளவு கூடியது என்று எப்படிப் பார்ப்பது? வெறும் வில்லையின் நிறத்தைக் கழித்துப் பார்த்தேன். கழிக்கிற எண் கிடைக்கிற எண்ணைவிடப் பெரிதாக இருந்தது.

விடை தண்ணீரை விட்டுவிடுவதில் இருந்தது. ஐசோபுரோபனாலில் ஊறவைத்தால் ஹீமோகுளோபின் காகிதத்திலேயே உறைந்து நின்றுவிடுகிறது; கொழுப்பு மட்டும் தெளிவாக இறங்கி வருகிறது. அதை நைட்ரஜன் ஊதி உலர்த்தி, நொதிக் கலவையில் கரைத்தேன். இப்போது எண் வந்தது. எனக்கு 4.6. அதே வாரம் கை நரம்பில் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் 5.6.

ஒரு முழு மில்லிமோல் எங்கே போனது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கேயும் போகவில்லை. மருத்துவமனை எண் பிளாஸ்மாவின் எண். சிவப்பணுவைச் சுழற்றித் தள்ளிவிட்டுத்தான் அளக்கிறார்கள். அட்டையில் சிவப்பணுவும் சேர்ந்தே காய்கிறது. அதன் சவ்விலும் கொலஸ்ட்ரால் உண்டு, லிட்டருக்கு 3 மில்லிமோலைச் சற்றுத் தாண்டி, அதுவும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாமல். என் ஹிமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 38 சதவீதம். ஆக 100 பங்கு ரத்தத்தில் 62 பங்கு 5.6 உள்ள பிளாஸ்மா, 38 பங்கு 3.2 உள்ள அணு. கணக்குப் போட்டால் 4.7. என் 4.6 தப்பில்லை, நான் கேட்ட கேள்விதான் வேறு. இதில் இன்னொரு சங்கடம், பிளாஸ்மாவில் 1.4 கூடினால் அட்டையில் 0.9க்குள்தான் கூடும். ஏற்ற இறக்கத்தையெல்லாம் சிவப்பணு அமுக்கிவிடுகிறது. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க நினைப்பவருக்கு இது நல்ல செய்தி இல்லை.

ஒரு குறுக்குவழி தோன்றியது. சிவப்பணுச் சவ்வில் இருப்பது ஏறக்குறைய முழுக்கத் தனிக் கொலஸ்ட்ரால். பிளாஸ்மாவிலோ மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல் கொழுப்பமிலத்தோடு கட்டுண்ட எஸ்டர். ஆகவே எஸ்டரை உடைக்கும் எஸ்டரேஸ் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை அளந்து கழித்தால் மீதி பிளாஸ்மாவின் பங்கு. தாளில் எழுதிப் பார்க்க அழகாக இருந்தது. ஒரே அட்டையில் மூன்று வில்லை வெட்டிச் செய்தேன்: 2.1, 2.9, 1.8. இரண்டு சிறிய எண்களைக் கழித்தால் இரண்டின் பிழையும் வந்து சேரும் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல யோசனை என்றே இன்னும் நினைக்கிறேன். என் துளைப்பானும் கையும் அதற்குப் போதவில்லை.

எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ரால் பக்கம் போகவே இல்லை. எச்.டி.எல்லைப் பிரிக்கும் வினைப்பொருள் எல்லாம் முழுசாக இருக்கும் கொழுப்புப்புரதத் துகளைப் பார்த்து வேலை செய்பவை. நான் அதை உலர்த்தி, ஆல்கஹாலில் உடைத்துவிட்டேன். எச்.டி.எல். இல்லை என்றால் 1972இல் ஃப்ரீடுவால்ட் கொடுத்த சூத்திரத்துக்கும் வழியில்லை: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்லையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை 2.2ஆல் வகுத்ததையும் கழித்தால் எல்.டி.எல்., அதாவது ‘கெட்ட’ கொலஸ்ட்ரால். அம்மாவின் மருத்துவர் கேட்பதோ அந்த எல்.டி.எல்லைத்தான். இந்த இடத்தில் வேலையை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தது உண்மை.

டிரைகிளிசரைடு கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் முட்டாள்தனம். ஒரு வெள்ளிக்கிழமை என் அட்டையில் டிரைகிளிசரைடு 9 வந்தது. எனக்கு 1.2தான் இருக்கும். நாசி கண்டாரா, முதல்நாள் இரவு கல்யாண விருந்தா என்று ஆளாளுக்குக் கிண்டல். திரும்பக் குத்தினேன், 1.3. வித்தியாசம் இவ்வளவுதான்: முதல்முறை விரலைக் குத்தும் முன் சுவரில் தொங்கும் கைச்சுத்திகரிப்பானைத் தேய்த்திருந்தேன். கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரால் சேர்ப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையிலேயே 1.45 சதவீதம் உண்டு. நொதி முறை டிரைகிளிசரைடை நேராகப் பார்ப்பதில்லை. அதை உடைத்து வரும் கிளிசராலைத்தான் எண்ணுகிறது. விரலில் இருந்ததும் சேர்ந்து எண்ணப்பட்டது. அன்றிலிருந்து சோப்பு, தண்ணீர், துடைத்து முழுக்கக் காய்ந்த விரல், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது. கை கிரீம் தடவியவருக்கும் இதே நிலைதான்.

பேராசிரியைதான் வழியை மாற்றினார். "ஏம்மா எவ்வளவு இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கே? எத்தனை பங்குன்னு கேட்டுப் பாரேன்," என்றார்.

அதற்கு முன் நான் ஹிமாட்டோகிரிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் ரத்தத்திலேயே அணுவையும் பிளாஸ்மாவையும் பிரித்து, 30, 40, 50 என்று திரும்பக் கலந்து, ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டர் சொட்டுவைத்தேன். 30 நீர்த்துப் பரந்தது. 50 கெட்டியாய், சிறுத்து, கறுத்து நின்றது. ஒரே அளவு வில்லையை மூன்றிலும் வெட்டினால் மூன்றிலும் வேறு அளவு ரத்தம். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணும், மூட்டை தூக்கும் ஒரு ஆணும் ஒரே மாதிரி அட்டை அனுப்பினால் அங்கேயே பிழை தொடங்கிவிடுகிறது. சொட்டைப் பிப்பெட்டால் அளந்து வைத்து முழுப் பொட்டையும் வெட்டினால் இது தீரும். வீட்டில் பிப்பெட்டுக்கு எங்கே போவது?

பங்கு கேட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. கொழுப்பமிலங்களை மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று எண்ணும்போது வில்லையில் 10 மைக்ரோலிட்டர் இருந்தால் என்ன, 12 இருந்தால் என்ன. மேலும் கீழும் ஒன்றாகவே ஏறும். அதனால்தான் ஒமேகா-3 கொழுப்பமிலங்களைப் பார்க்க விரல் சொட்டு அட்டை நன்றாக ஓடுகிறது.

செய்முறை கடினமில்லை. வில்லையைத் திருகுமூடிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, 14 சதவீத போரான் டிரைஃப்ளூரைடு கலந்த மெத்தனால் ஊற்றி, 100 டிகிரியில் முக்கால் மணி நேரம். புகைக் கூண்டுக்குள்தான் செய்யவேண்டும், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. மூடியின் டெஃப்லான் வட்டு சரியாக உட்காராவிட்டால் குழாய் வறண்டுவிடும். முதல் பத்தில் மூன்று அப்படிப் போயின. ஆறியதும் தண்ணீரும் ஹெக்சேனும் ஊற்றிக் குலுக்கினால் கொழுப்பமிலங்கள் மெத்தில் எஸ்டர்களாக மேலடுக்கில் நிற்கும். அதில் ஒரு மைக்ரோலிட்டர் ஜிசிக்குள், அதாவது அவற்றைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள். 100 மீட்டர் குழாயில் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல். 37 எஸ்டர் கலந்த அளவுகோல் கரைசலை முதலில் ஓட்டி எந்த முகடு எது என்று குறித்துக்கொள்ளவேண்டும்.

ரத்தமே இல்லாத வெறும் காகிதத்தையும் ஓட்டினேன். பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்கள் சிறிதாக எட்டிப் பார்த்தன. காகிதத்திலேயே அவை உண்டு. கையுறை இல்லாமல் தொட்ட காகிதத்தில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நாளும் ஒரு வெறும் வில்லை என்பது அன்றிலிருந்து கட்டாயம்.

மீனிலிருந்து கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பமிலமான டி.எச்.ஏ. என்னை அதைவிட அதிகம் அலைக்கழித்தது. முதல் நாள் என் அட்டையில் 3.9 சதவீதம். மேசை இழுப்பறையில் வைத்து இரண்டு வாரம் கழித்து அதே பொட்டின் மறுபாதியை வெட்டினால் 2.7. நான் மீன் தின்பதை நிறுத்தவில்லை; காகிதத்தில் இருந்தது ஆக்சிஜனேற்றத்தில் போய்விட்டது. ஆறு இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு அது. பக்கத்திலேயே ஹீமோகுளோபினின் இரும்பு, சுற்றிலும் காற்று. எரிய வேறென்ன வேண்டும்? காயாத பொட்டில் இது இன்னும் மோசம். மழையில் மாட்டிய அந்த முதல் அட்டையை ஒரு ஆர்வத்தில் ஓட்டிப் பார்த்தேன். டி.எச்.ஏ. முகட்டைக் கண்ணைச் சுருக்கித் தேடவேண்டியிருந்தது.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு, பி.எச்.டி. எண்ணெய்ப் பண்டங்கள் காறாமல் இருக்கச் சேர்க்கும் அதே பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன். (தமிழில் எழுதினால் பட்டமும் இதுவும் ஒன்றாகவே இருக்கிறது. "பி.எச்.டி. போட்டாச்சா?" என்று அண்ணன் தினமும் கேட்பார். எதைக் கேட்கிறார் என்று தெரியாது. இரண்டுக்கும் "இன்னும் இல்லைண்ணே"தான் பதிலாக இருந்தது.) 100 மில்லிலிட்டர் எத்தனாலில் 50 மில்லிகிராம் கரைத்து, அட்டையின் வட்டங்களை அதில் நனைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகே ரத்தம். இரண்டு வாரம் கழித்து 3.8. அன்று தே தாரிக் என் செலவு.

குளிர்பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைப்போம். பி.எச்.டி. இல்லாத அட்டைகளை -20 டிகிரியில் வைத்தேன். இழுப்பறையில் இருந்ததைவிட வேகமாகக் கெட்டன. அட்டையை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று பதிவேட்டை மூன்றுமுறை புரட்டினேன். காகிதத்தில் காய்ந்த ரத்தத்துக்கு -20 ஆகாது என்பது முன்பே பார்த்த விஷயம்தான்: உறையும்போது சிவப்பணு உடைந்து இரும்பு வெளிவருகிறது, அந்தக் குளிரில் ஆக்சிஜனேற்றம் நிற்பதில்லை. -80இல் நிற்கிறது. வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு -20க்குப் பக்கம்தான். "ஐஸ் பெட்டியில வெச்சிருக்கட்டுமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்ல இப்போது காரணம் இருக்கிறது.

ஜனவரியில் அம்மாவுக்கு அனுப்பினேன். பி.எச்.டி. தடவிய அட்டை, இரண்டு குத்தூசி, அலுமினியப் பை, சிலிக்கா பொட்டலம், ஈரப்பதம் ஏறினால் நிறம் மாறும் சிறு அட்டை, தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, கையெழுத்துக்குப் படிவம். போனில், "வட்டத்துக்குள்ள பொட்டு வைக்கணும், அவ்வளவுதான்," என்றேன். சொன்ன வார்த்தை தப்பு.

அட்டை இரண்டு நாளில் போஸ் லாஜுவில் வந்தது. ஐந்து வட்டத்திலும் ஐந்து கைரேகை. குங்குமம் வைப்பது போல் விரலை அழுத்தி ஒற்றியிருக்கிறார். ஒன்றில் மட்டும் ரத்தம் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. அதை வெட்டி ஓட்டினேன். பதினாறு கார்பன் முகடு வரும் முன்பே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு கோபுரம் எழுந்தது. பன்னிரண்டு கார்பன். லாரிக் அமிலம், 9 சதவீதம். ரத்தத்தில் அது ஒரு சதவீதம்கூட இருக்காது. ஊசியில் அழுக்கு என்று நினைத்து ஹெக்சேன் மட்டும் ஓட்டினேன், சுத்தம். வெறும் வில்லை, சுத்தம். அடுத்து பதினாலு கார்பனைப் பார்த்தேன். மிரிஸ்டிக்கும் ஏறியிருந்தது, லாரிக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பாதி லாரிக், ஐந்தில் ஒன்று மிரிஸ்டிக் உள்ள எண்ணெய் எது?

"அம்மா, விரல குத்துறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? தலைக்கு எண்ணெய் வெச்சு வாரிப் பின்னிக்கிட்டு ஒக்காந்தேன். ஏன், ரத்தம் கெட்டுப் போச்சா?"

கையைக் கழுவினாராம், தண்ணீரில். தேங்காய் எண்ணெய் தண்ணீருக்குப் போகுமா? குறிப்பில் "சோப்பு" என்ற சொல்லே இல்லை. நான் எழுதியது "கையைக் கழுவவும்". இப்போது அந்தக் குறிப்பின் முதல் வரி இது: தலைக்கு எண்ணெய் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். பொட்டு என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். "விரல் காகிதத்தில் படக்கூடாது. சொட்டு தானாகத் தொங்கி விழட்டும். விரலைப் பிழியாதீர்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு சொட்டு, மேலே மேலே வேண்டாம்." கையைத் தொங்கவிட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் சொட்டு பெரிதாக வரும் என்பதையும் சேர்த்தேன். பிழிந்தால் திசுநீர் கலந்து நீர்த்துவிடும்.

இரண்டாவது அட்டையில் மூன்று வட்டம் உருண்டையாக, பின்பக்கம் வரை சீராக வந்தது. ஈரப்பத அட்டை நிறம் மாறவில்லை. லாரிக் தரையோடு தரை. மீனிலுள்ள இன்னொரு ஒமேகா-3 ஆன ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து 4.8 சதவீதம், வாரம் நாலு நாள் கெம்போங் மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்கு அது பொருந்துகிறது. இது முழு ரத்தத்தின் எண். ஹாரிஸும் ஃபான் ஷாக்கியும் 2004இல் முன்வைத்த ஒமேகா-3 குறியீடு சிவப்பணுவுக்கானது. அதில் 8க்கு மேல் நல்லது, 4க்குக் கீழ் ஆபத்து என்ற கோடுகளை இதன் மேல் நேராகப் போட்டுப் பார்க்கக்கூடாது. அம்மாவிடம் எண்ணைச் சொல்லவில்லை. மீன் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப கிளினிக்குக்குப் போக வேணாமா?"

"போகணும்மா. எல்.டி.எல். இதுல வராது."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "அப்பறம் எதுக்குடி என் விரல ரெண்டு வாட்டி குத்த வெச்ச?" என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை அவருக்குத் தேதி. நான் லீவு போட்டுக் காரில் கூட்டிப்போகிறேன். ரத்தம் எடுத்த கையோடு சாப்பிட ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் மைலோவும் கொண்டுபோகவேண்டும். அன்றைக்கே அவர் கையிலிருந்து இரண்டு சொட்டு அட்டையில் வாங்கிக்கொள்ளப் படிவம் தயார். பிளாஸ்மா எண்ணும் அட்டை எண்ணும் ஒரே காலையில் கிடைப்பது இதுதான் முதல்முறை. பெட்டியில் சத்தே குச்சி இரண்டு வளைந்துவிட்டது, அதற்குள் மாற்றவேண்டும். ஜெல் அடுப்பில் இருக்கிறது, இன்னும் பச்சை.